என் மகள் அமெரிக்கக் குடிமகளா, இல்லையா?

கேள்வி: வணக்கம் மேடம். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு எச்-4 துணைவர் விசா. க்ரீன் கார்டு வரிசையில் எட்டு வருடமாக நிற்கிறோம். 2025 ஆகஸ்டில் மகள் பிறந்தாள், அமெரிக்க பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அதே வருட ஜனவரியில் அதிபர் ட்ரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டதும், எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு இனிமேல் பிறப்பால் குடியுரிமை கிடையாது என்றார்கள். அப்புறம் ஒரு நீதிபதி தடை போட்டார். ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ட்ரம்ப் ஜெயித்துவிட்டார் என்றார்கள், ஜூலையில் மறுபடி தடை என்றார்கள். இப்போது டிசம்பரில், உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டதாம். மாமனார் ஊரிலிருந்து தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறார். நானே அரசியல் சாசனத்தை எடுத்துப் படித்தேன், ஒரே ஒரு வரிதான், தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை வழக்கு? சட்டம் படிக்காத ஒருவன் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் மகளுக்கு என் ஆசிகள்.

ராத்திரி தூக்கம் வருவதற்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். அந்த உத்தரவு இதை எழுதும் இந்த 2025 டிசம்பர் வரை ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி ஜோசப் லாப்லான்ட் போட்ட தடை, பிப்ரவரி 20 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த, அந்த உத்தரவில் மாட்டக்கூடிய எல்லாக் குழந்தைகளையும் ஒரே குழுவாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எந்த மனுவும் போடாமலே உங்கள் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள். அதனால் குழந்தையின் பெயரைப் பாதுகாப்புக்காகப் பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு தம்பதியை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த ரசீதில் என்ன சேவைக்கு வாங்கிய பணம் என்றுகூட எழுதியிருக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்வி. வரி தெளிவாக இருக்கிறதே என்கிறீர்கள். இல்லை, பாதி வரிதான் தெளிவாக இருக்கிறது. நீங்கள் படித்தது 14ஆம் திருத்தத்தின் முதல் பிரிவு, 1868இல் வந்தது, ஆங்கிலத்தில் மொத்தம் 80 சொற்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களும் குடியுரிமை வாங்கியவர்களும், "அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்கள்" என்றால், குடிமக்கள் என்கிறது அதன் முதல் வாக்கியம். இப்போதைய சண்டை முழுக்க அந்த "ஆளுகைக்கு உட்பட்டவர்கள்" மேல்தான். ஆங்கிலத்தில் அது வெறும் ஐந்து சொல். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் முழுதையும் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என்னிடம் குறுக்கு வழி இல்லை, ஆனால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. இந்த ஐந்து சொல்லை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு 1857இலிருந்து நடந்து வாருங்கள், மற்றதெல்லாம் வழியிலேயே தட்டுப்படும்.

ஏன் 1857 என்றால், அதற்கு முன் இந்த வாக்கியமே கிடையாது. 1787இல் எழுதிய மூல சாசனத்தில் குடிமகன் என்ற சொல் உண்டு, ஆனால் யார் குடிமகன் என்று எழுதவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் ட்ரெட் ஸ்காட் வழக்கு வந்து விழுந்தது. ஸ்காட் ஓர் அடிமை, ராணுவ மருத்துவரான எஜமானர் அவரை அடிமைமுறை இல்லாத இடங்களுக்குக் கூட்டிப்போய்க் குடியிருந்தார், அதனால் நான் சுதந்திரமானவன் என்று ஸ்காட் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ரோஜர் டேனி, உன் கோரிக்கை இருக்கட்டும், ஆப்பிரிக்க வம்சத்தவரான நீங்கள் குடிமக்களாக இருக்கவே முடியாது, அதனால் இந்த நீதிமன்றத்தின் படியேறவே உனக்கு உரிமையில்லை என்று எழுதினார். 7க்கு 2. அதற்குப் பிறகு உள்நாட்டுப் போர், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவு. போர் முடிந்து 1866இல் செனட்டில் உட்கார்ந்து இந்த வாக்கியத்தை எழுதியவர்கள், டேனி எழுதியதைத் திரும்பவும் யாரும் எழுத முடியாதபடி செய்ய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். குடியுரிமையை நீதிபதி கையிலோ அடுத்த தேர்தலில் வரும் பெரும்பான்மை கையிலோ விடக்கூடாது, மண்ணில் பிறந்தாயா, முடிந்தது.

அப்புறம் எதற்கு அந்த ஐந்து சொல் என்று கேட்பீர்கள். மண்ணில் பிறந்தாலும் அந்த நாட்டுச் சட்டம் தொட முடியாத சிலர் உண்டு. வெளிநாட்டுத் தூதரின் குழந்தை. படையெடுத்து வந்து ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும் எதிரியின் குழந்தை. அந்தக் காலத்தில் தனி அரசுகள் போல நடத்தப்பட்ட பழங்குடியினரின் குழந்தை. இவர்களை ஒதுக்கத்தான் அந்தச் சொற்கள். செனட் விவாதத்திலேயே பென்சில்வேனியாவின் எட்கர் கோவன், அப்படியானால் கலிபோர்னியாவில் பிறக்கும் சீனக் குழந்தைகளும் இங்கே பிறக்கும் ஜிப்சிக் குழந்தைகளும் குடிமக்களா என்று பயமுறுத்துகிற தொனியில் கேட்டார். கலிபோர்னியா செனட்டர் ஜான் கான்னஸ் எழுந்து, ஆமாம், சீனப் பெற்றோரின் குழந்தைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்றார். கான்னஸே அயர்லாந்தில் பிறந்து வந்தவர். உங்கள் மாமனார் அனுப்பும் வீடியோக்களில், இந்தத் திருத்தம் அடிமைகளின் பிள்ளைகளுக்காக மட்டுமே எழுதப்பட்டது என்று யாராவது அடித்துப் பேசினால், இந்தக் கேள்வி பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி 1866இலேயே கேட்கப்பட்டுவிட்டது.

இதற்குப் பிறகு வருகிற ஆள்தான் முக்கியம். வாங் கிம் ஆர்க், 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், சமையல்காரர், பெற்றோர் சீனர்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது, பெற்றோர் விரும்பினாலும் குடியுரிமை வாங்க முடியாது. வாங் 1894இல் சீனா போய்விட்டு 1895 ஆகஸ்டில் கப்பலில் திரும்பினார். நீ குடிமகன் இல்லை என்று அவரை இறங்க விடவில்லை, பல மாதம் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலேயே கிடந்தார். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, கால் வைக்க முடியாது. வழக்கு மேலே போய் 1898 மார்ச் 28 அன்று 6க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ந்தது. நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதிய அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை உங்கள் மகளின் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அரசுத் தரப்பு வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட்டால் உங்களுக்கு இந்தச் சட்டம் புரியாது. அவர்கள் சொல்வது இது. ஆளுகைக்கு உட்படுவது என்றால் சிக்னலில் நிற்பது, வரி கட்டுவது மட்டும் போதாது, முழு அரசியல் விசுவாசம் வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவருக்கு விசுவாசம் அவர் பாஸ்போர்ட் கொடுத்த நாட்டிடம். இதற்கு ஆதாரமாக 1884இன் எல்க் வழக்கைக் காட்டுவார்கள். ஜான் எல்க், பழங்குடியில் பிறந்து, அதை விட்டுவிட்டு ஒமாஹா நகரில் வந்து வாழ்ந்தவர், ஓட்டுப் போட அனுமதிக்கவில்லை, அவர் குடிமகன் இல்லை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம் வாங் தீர்ப்பையே எடுத்துக்கொண்டு, அதில் அவருடைய பெற்றோர் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் என்ற விவரம் திரும்பத் திரும்ப வருகிறது பாருங்கள் என்பார்கள். வருகிறது, உண்மைதான். அந்த வழக்கின் உண்மை விவரம் அது. தீர்ப்பு அதனால் மட்டும்தான் வந்ததா, அல்லது அது சும்மா கதைச் சுருக்கமா என்பதுதான் கேள்வி. பழைய தீர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு எந்த விவரம் சாரம், எந்த விவரம் சக்கை என்று இரண்டு தரப்பும் மல்லுக்கட்டுவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பகுதி.

என் கருத்தைக் கேட்டால், அரசுத் தரப்பு பலவீனமானது. கிரே அந்தத் தீர்ப்பில் இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலிருந்து தொடங்கிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், அவர் ஒதுக்கிய விலக்குகள் தூதர், எதிரிப்படை, அயல்நாட்டு அரசுக் கப்பல், பழங்குடி, அவ்வளவுதான். தவிர, "ஆளுகை" என்ற அதே சொல் அந்த 80 சொல்லுக்குள்ளேயே இரண்டாம் முறையும் வருகிறது, எந்த மாநிலமும் தன் ஆளுகைக்குள் இருக்கும் எந்த ஆளுக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்ற இடத்தில். 1982இல் டெக்சாஸ் மாநிலம் ஆவணமில்லாத குழந்தைகளுக்குப் பள்ளிப் பணத்தை நிறுத்தியபோது, ஒழுங்காக உள்ளே வந்தவர், ஒழுங்கில்லாமல் வந்தவர் என்று "ஆளுகை"யைப் பிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஓர் அடிக்குறிப்பில் எழுதிவைத்தது. முடிவு 5க்கு 4. அடிக்குறிப்புதானே என்று நினைக்க வேண்டாம், இந்த ஊரில் அடிக்குறிப்புக்குப் பிறகு பிள்ளை குட்டி பெருகிவிடும்.

இன்னொன்று, உங்கள் மாதிரி எச்-1பி ஆட்களுக்கு மட்டும். நிரந்தரக் குடியிருப்புதான் அளவுகோல் என்று நீதிமன்றம் சொன்னாலும்கூட, எச்-1பி விசா, இங்கேயே தங்கும் எண்ணம் வைத்துக்கொள்ள வெளிப்படையாக அனுமதிக்கும் விசா. எட்டு வருடம் க்ரீன் கார்டு வரிசையில் நிற்பவரைப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர் என்று சொல்வது கஷ்டம். ஆனால் ஜனவரி 20 உத்தரவு அதையெல்லாம் பார்க்கவில்லை, தாய் சட்டப்படி ஆனால் தற்காலிகமாக இருந்து, தந்தை குடிமகனோ க்ரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால் குழந்தைக்கு இல்லை என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டது. மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா எல்லாம் ஒரே கூடைக்குள்.

இப்போது அந்த ஜூன் குழப்பம். உத்தரவு வந்த மூன்று நாளில், ஜனவரி 23 அன்று, சியாட்டிலில் நீதிபதி ஜான் கூகனவர் தடை போட்டார். குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர், நாற்பது வருடத்துக்கு மேல் நீதிபதியாக இருப்பவர், இது அப்பட்டமாக அரசியலமைப்புக்கு முரணானது என்று திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் நீதிபதிகளும் நாடு முழுக்கச் செல்லும் தடைகளைப் போட்டார்கள். அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் போனவர்கள் குடியுரிமைக் கேள்வியைக் கேட்கவே இல்லை! ஒரு மாவட்ட நீதிபதி, தன் முன் வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடலாமா என்று மட்டும் கேட்டார்கள். ஜூன் 27 அன்று 6க்கு 3 என்று, அந்த அதிகாரத்தை 1789இன் நீதித்துறைச் சட்டம் கொடுக்கவில்லை என நீதிபதி ஏமி பாரெட் எழுதினார். ட்ரம்ப் ஜெயித்தார் என்பது உண்மை, எதில் ஜெயித்தார் என்பதைத்தான் தலைப்புகள் விழுங்கிவிட்டன. உத்தரவு செல்லுமா என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்பு வாயே திறக்கவில்லை. ஒரே பாதிப்பு உள்ள எல்லார் சார்பிலும் சேர்த்துப் போடும் குழு வழக்கு என்ற வேறு வாசல் திறந்தே இருந்தது, அதன் வழியாகத்தான் அடுத்த இரண்டு வாரத்துக்குள் நியூ ஹாம்ப்ஷயர் தடை வந்தது. இப்போது டிசம்பர் 5 அன்று ஏற்றுக்கொண்டதுதான் நேரடியாக அந்த ஐந்து சொல்லைப் பற்றிய வழக்கு.

அதனால் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லித் தருகிறேன், இனி எந்த அமெரிக்கத் தீர்ப்பு வந்தாலும் இதைச் செய்யுங்கள். யார் ஜெயித்தார் என்று பார்ப்பதற்கு முன் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்று பாருங்கள். தீர்ப்பின் முதல் பக்கங்களிலேயே அது இருக்கும், உச்ச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்பு இலவசமாகக் கிடைக்கும். இந்த நீதிமன்றம் நம்மூர் மாதிரி இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். இங்கே 1793இலேயே அதிபர் வாஷிங்டனின் அரசு நீதிபதிகளிடம் சில சட்டக் கேள்விகளை அனுப்பியது, தலைமை நீதிபதி ஜான் ஜே தலைமையில் இருந்தவர்கள் எங்கள் வேலை அது இல்லை என்று திருப்பிவிட்டார்கள். நிஜமான ஆள், நிஜமான தகராறு, அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பதில். ஆகவே ஒவ்வொரு தீர்ப்பிலும் சொன்னதைப் போலவே சொல்லாமல் விட்டதும் முக்கியம்.

சட்டத்தை மாற்றிவிட்டுப் போகலாமே, ஏன் அர்த்தத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றால், மாற்ற முடியாது, அதுதான் விஷயம். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் திருத்தங்கள் 27தான், கடைசியாக ஒன்று சேர்ந்தது 1992இல். இந்தியாவில் 100ஐத் தாண்டிவிட்டது. திருத்த முடியாத புத்தகத்தை வைத்திருப்பவர்கள் வாசிப்பை வைத்துத்தான் சண்டை போடுவார்கள்.

திருத்த முடியாமல் இருப்பது எரிச்சல்தான், ஆனால் மறுபக்கத்தை நம்மவர்கள் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் யார் குடிமகன் என்பதைச் சாதாரணச் சட்டத்தில் எழுத நாடாளுமன்றத்துக்கு 11ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 1955 சட்டப்படி முதலில் மண்ணில் பிறந்தாலே போதுமாக இருந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது, 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகியது. தமிழ்நாட்டு முகாம்களில் அந்த 1987 தேதிக்குப் பிறகு இலங்கை அகதிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள் பிறப்பால் இந்தியர் ஆகாமல் போனது இப்படித்தான். இலங்கையில் 1948இல் ஒரே சட்டத்தில் மலையகத் தமிழர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். சாதாரணப் பெரும்பான்மை போதும், கை தூக்கினால் முடிந்தது. 1866இல் செனட்டில் இருந்தவர்கள் பயந்தது இதற்குத்தான்.

ஆனால் உங்களுக்கு முழு உத்தரவாதம் தர மாட்டேன், தருகிற வக்கீலை நம்பவும் வேண்டாம். 127 வருடத் தீர்ப்பு என்பதால் மட்டும் அது கல்லில் பொறித்தது ஆகிவிடாது. கருக்கலைப்பு உரிமையை 1973இல் கொடுத்த நீதிமன்றம் 49 வருடம் கழித்து 2022 ஜூனில் எடுத்துவிட்டது, அதுவும் இதே 80 சொல்லின் இரண்டாம் வாக்கியத்தை வைத்துத்தான். இனவாரியாகப் பிரித்து வைக்கலாம் என்ற 1896 தீர்ப்பு 1954இல் போனது, அதுவும் இதே பத்திதான். நீதிபதிகளையும் நல்லவர் கெட்டவர் என்று பிரித்துவிட முடியாது. 1896இல் தனியொருவராக நின்று பிரிவினைக்கு எதிராக எழுதிய ஜான் ஹார்லன், எல்க் குடிமகன்தான் என்று 1884இல் எழுதிய அதே ஹார்லன், 1898இல் வாங் கிம் ஆர்க்குக்கு எதிராக ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர். சீனரைப் பற்றி அவருக்கு இருந்த எண்ணம் அந்த 1896 எழுத்திலேயே தெரியும். படித்தபோது எனக்கு ரொம்ப நாள் ஜீரணமாகவில்லை.

உங்கள் இருவரைப் பற்றியும் ஒன்று. அந்த 80 சொல் பத்தியின் இரண்டாம் வாக்கியத்தில் முறையான சட்ட நடைமுறையும் சமப் பாதுகாப்பும் "குடிமகன்" என்று இல்லாமல் "எந்த ஆளுக்கும்" என்று இருக்கிறது. 1886இல் சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் துணி வெளுத்த யிக் வோ என்ற சீனர், குடிமகனாக இல்லாமலே, இந்தச் சொல்லை வைத்துத்தான் ஜெயித்தார். மரக்கட்டடத்தில் சலவைத் தொழில் நடத்த நகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்ட சீனர்கள் 200 பேருக்கு மேல், ஒருவருக்கும் கிடைக்கவில்லை, மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. சட்டம் பார்க்க ஒழுங்காக இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்துகிற விதம் ஒழுங்கில்லை என்றது நீதிமன்றம்.

கடைசியாகக் காரியம். மகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அவள் பிறந்த நாளன்று செல்லுபடியான உங்கள் இருவரின் விசா ஒப்புதல் கடிதங்கள், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94, க்ரீன் கார்டு விண்ணப்பத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஒரு பிரதியை மாமனார் வீட்டில் வையுங்கள், வீடியோ தேடும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். இந்தியத் தூதரகத்தில் அவளை இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்ய, வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அவளிடம் இருக்கிறது, ஆகவே பயத்தில் பொய்யாக எழுதிவிடாதீர்கள்.

காகிதத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் வாங் கிம் ஆர்க்தான். 1894இல் கப்பல் ஏறும் முன், இவன் இங்கே பிறந்தவன் என்று வெள்ளையர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைச் செய்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகும், 1901இல் டெக்சாஸின் எல் பாசோவில் அவரைக் குடிமகன் இல்லை என்று பிடித்தார்கள், 300 டாலர் ஜாமீன் கட்டி வெளியே வந்தார். 1910இல் அவருடைய மூத்த மகன் கலிபோர்னியா வந்தபோது, இவன் உன் மகன்தான் என்று நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.